சிவப்பு அப்படியே இருக்கட்டும்

மருத்துவமனையில் அவளுக்குப் பூட்டக்கா என்று பேர். கேலியாக வைத்த பேர்தான். "அக்கா, இந்த சர்வரையும் ஸ்டோரேஜோட கொஞ்சம் சேர்த்து விடுங்களேன்" என்று யார் போய் நின்றாலும், "அது யாரு? அதுக்கு நான் ரகசியம் குடுத்திருக்கேனா?" என்றுதான் முதலில் கேட்பாள். இரண்டு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மூன்றாம் தடவை பேரை வைத்துவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மேசைப் பெயர்ப்பலகையில் அதையே எழுதிக்கொள்ளட்டுமா என்றுகூட ஒருநாள் மேலாளரிடம் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யார் பார்த்தார்கள்?

இருபத்தாறு வருஷத்துக்கு முன் அவள் அங்கே சேர்ந்தது டெலிபோன் ஆபரேட்டராக. யார் பேசுவது, எந்த வார்டு, யாரைக் கேட்கிறீர்கள், இந்த மூன்றுக்கும் பதில் வராமல் ஒரு இணைப்பும் கொடுத்ததில்லை. எக்ஸ்சேஞ்சை மூடியபோது அவளைக் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்பி, கேபிள் எண்ணச் சொன்னார்கள். ஒரு ஆளை ஓரங்கட்ட அதைவிட நல்ல வேலை அவர்களுக்குத் தோன்றவில்லை. அவள் எண்ணினாள். எண்ணிக்கொண்டே எது எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டாள், பிறகு ஏன் போகிறது என்று. எட்டு வருஷத்தில் அந்த அறையில் அவளைக் கேட்காமல் ஒரு கம்பியும் யாரும் செருக முடியாது என்று ஆனது.

அந்த அறையின் நடுவில் நிற்கும் ஆளுயர இரும்பு அலமாரிதான் ஸ்டோரேஜ். மருத்துவமனையில் எடுக்கிற ஸ்கேன் படம் எல்லாம் அதற்குள் இருக்கும் வட்டுகளில்தான் போய்ச் சேரும். சர்வர்கள் வெளியே நின்று, இதற்கென்றே போட்ட தனிக் கம்பிகளில் அதோடு பேசும். ஒரு வழி அறுந்தால் இன்னொரு வழி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் இரட்டையாகப் போட்டிருந்தாள். பேச வரும் சர்வர் முதலில் தன் பேரைச் சொல்லும். பேரை யார் வேண்டுமானாலும் சொல்லலாமே! அதனால் ஸ்டோரேஜ் உடனே ஒரு கேள்வியை வீசும். சர்வர் தன்னிடம் உள்ள ரகசியச் சொல்லை அந்தக் கேள்வியோடு சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் சரியான பதில் வரும். ரகசியம் கம்பியில் போகவே போகாது, பதில் மட்டும்தான் போகும். பதில் தப்பென்றால் கதவு திறக்காது. அதோடும் விடாமல், சர்வரும் ஸ்டோரேஜைத் திருப்பி "நீ மட்டும் யாரு?" என்று கேட்கும்படி வைத்திருந்தாள். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு ரகசியம், ஒன்று போல் இன்னொன்று கிடையாது. அவற்றையும் ஸ்டோரேஜின் தலைமைக் கடவுச்சொல்லையும் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, மருந்தகத்தின் விஷ அலமாரியில் வைத்திருந்தாள். ஆபத்தான மருந்துகளை இரட்டைப் பூட்டுப் போட்டு வைக்கும் அலமாரி அது. பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் அதிலிருந்து ஒரு மாத்திரை வெளியே வராது.

இவ்வளவு பிடிவாதம் சும்மா வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் மேலாளர் வந்து, "பயிற்சி அறை சர்வர் சேரமாட்டேங்குது. இந்தக் கேள்வி கேக்குற வேலையெல்லாம் தற்காலிகமா நிறுத்துங்க. அரை நாள்தான்" என்றார். வாயால்தான் சொன்னார், எழுத்தில் ஒன்றும் இல்லை. அவளும் நிறுத்தினாள். பயிற்சி அறைச் சர்வரின் திரையில் ஸ்கேன் வட்டும் வந்து நின்றது. "புது வட்டு இருக்கிறது, தயார் செய்யவா?" என்று அந்த இயந்திரம் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர், எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்கிறவர். இதற்கும் ஆமாம் என்று அழுத்தினார். நகல் எடுக்காமல் பாக்கி இருந்த பதினோரு நாள் படங்கள் துடைத்த மாதிரி போய்விட்டன.

மறுநாள் மேலாளர் ஒரு கடிதத்தைத் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். "என் கவனக்குறைவால்" என்று தொடங்கிய கடிதம், அவள் கையெழுத்துப் போட வேண்டியது. அவள் மகளுக்கு அப்போது கல்லூரி சேர்க்கை நேரம். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவர். "போட்டுட்டு வந்துடு, விடு" என்றார். அவளும் போட்டாள். அப்புறம் நூற்று அறுபத்து மூன்று நோயாளிகளை அவளே போனில் கூப்பிட்டு, மேலாளர் சொல்லிக்கொடுத்தபடி, "மிஷின் பழுதுங்க, மறுபடி ஒரு தடவை வந்து எடுத்துக்குங்க" என்று சொன்னாள். நூற்று அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒரு தச்சர் மட்டும் வரவில்லை. வலது கை மரத்துப்போகிறது என்று கழுத்தை ஸ்கேன் எடுத்தவர். "அந்தக் குழாய்க்குள்ள ஒரு தடவை படுத்ததே போதும்மா. உயிரே போயிடுச்சு. உங்க மிஷினை நம்பி மறுபடி படுக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவள் கூப்பிடுவாள். இடது கையால் இழைக்கப் பழகிவிட்டதாக ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது புது ஸ்டோரேஜ் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திறப்பு விழா. போன வாரமே படங்கள் எல்லாம் புதியதற்கு மாறியாயிற்று. இருந்தாலும் விழா என்றால் விழாதானே. விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். எந்நேரமும் டை கட்டியிருப்பார், அதனால் டைக்காரர். மோசமான ஆள் இல்லை, ஆனால் அவசரக்குடுக்கை. வந்த முதல் நாளே, கம்பிகளை ஒன்றோடொன்று சேர்க்கும் நடு ஸ்விட்ச் பெட்டி ஒன்றில், ஒரே தடவையில் எவ்வளவு போகலாம் என்கிற பொதி அளவைச் சின்னதாக விட்டுவிட்டார். வணக்கம் சொன்னால் பதில் வந்தது, பெரிய படத்தை அனுப்பினால் அப்படியே தொங்கியது. பூட்டக்கா அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, "அட, சின்ன விஷயம்" என்று சிரித்தார். சின்ன விஷயத்துக்கு ஒரு நாள் முழுக்கப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் உள்ளே வந்தபோது கட்டுப்பாட்டுத் திரையில் எல்லாம் பச்சை, ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பு. ஸ்கேன் சர்வர் என்று பேர் போட்டு, 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று இருந்தது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கை ஒன்று கூடியது. மேலாளர் அதன் முன்னால் நின்றிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பதினொரு மணிக்கு டாக்டரம்மா வர்றாங்க. இந்தத் திரையைத்தான் விழா மண்டபத்துல பெருசாக் காட்டப் போறோம். இந்தச் சிவப்பு இருக்கக் கூடாது" என்றார். டாக்டரம்மா என்பது மருத்துவமனைத் தலைவர், ஓய்வு பெற்ற அறுவை மருத்துவர்.

"ரகசியச் சொல் எங்கயோ பொருந்தலை சார். வழக்கமா வர்றதுதான்" என்றார் டைக்காரர். "அந்தச் சரிபார்ப்பையே எடுத்துட்டா பச்சையாயிடும். உள் கம்பிதானே, வெளியாள் யார் வரப்போறாங்க? பல இடத்துல நாங்க போடுறதே இல்லை."

"இப்போதைக்குத் தற்காலிகமா..." என்று மேலாளர் தொடங்கினார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பூட்டக்காவின் காது மடல் சூடாகிவிட்டது. அவள் கத்தவில்லை. ஸ்கேன் பிரிவுக்குப் போன் போட்டு, படம் எல்லாம் ஒழுங்காகச் சேர்கிறதா என்று கேட்டாள். சேர்கிறது, காலையிலிருந்து இருபது போயாச்சு என்றார்கள்.

"சார், ஸ்கேன் சர்வர் உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்துக்கிட்டு இருக்கு. உள்ளே இருக்கிறது எப்படி சார் வாசல்ல நின்னு திட்டு வாங்கும்? இதுல என்னமோ இருக்கு. எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

"ஆராய்ச்சியெல்லாம் திங்கட்கிழமை வச்சுக்குங்க. இப்பத் திறந்து விடுங்க."

"சரி சார். 'நான் சொல்லித்தான் திறந்தாங்க'ன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்த நிமிஷமே திறக்கிறேன்."

மேலாளர் பேனா வைத்திருந்த சட்டைப் பையைத் தொடக்கூட இல்லை. "எழுத்துல எதுக்கு? நான் சொல்றது போதாதா?"

"போன தடவை போதும்னு நினைச்சேன் சார்."

அறையில் இருந்த இரண்டு பேர் தங்கள் திரையை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேலாளர் தாம்தூம் என்று குதித்தார். பத்தரைக்குள் திறக்காவிட்டால், திங்கள் முதல் அவளுக்குக் கீழ்த்தளத்துப் பழைய காகிதக் கிடங்கில் வேலை, இந்த அறைப் பக்கமே வர வேண்டாம் என்றார். சொன்னால் செய்கிற ஆள்தான் அவர், ஏற்கெனவே இரண்டு பேரை அங்கே அனுப்பியிருக்கிறார். அந்த அறையை விட்டுப் போவது பூட்டக்காவுக்குச் சின்ன விஷயம் இல்லை. பதினெட்டு வருஷமாக அவள் கை படாத கம்பி அந்த அறையில் இல்லை. ஆனாலும் காலையில் வீட்டுக்காரர் டீயை நீட்டிக்கொண்டே சொன்னது காதில் இருந்தது. "இன்னிக்கு எதுலயாவது கையெழுத்துக் கேட்டா போடாதே. கதவு சரியா மூடலைன்னா லிஃப்டை நான் நகர விடுறதில்லை. திட்டுறவன் திட்டிக்கிட்டே படியேறிப் போறான். அன்னிக்கு உன்னைப் போடச் சொன்னேன் பாரு, அதுதான் என் புத்தி." மூன்று வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கிடங்குக்கே போறேன் சார். கதவை மட்டும் நான் திறக்க மாட்டேன்" என்றாள்.

மேலாளர் டைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்களே எடுத்துடுங்க." எடுக்கத் தலைமைக் கடவுச்சொல் வேண்டும். அது விஷ அலமாரியில் இருக்கிறது. மேலாளரே மருந்தகத்துக்கு நடந்தார். மருந்தாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பதிவேட்டைப் புரட்டினார். "வச்சவங்க கையெழுத்துப் போட்டாத்தான் சார் எடுக்க முடியும். இல்லேன்னா, எடுக்கிறவங்க காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும். போடுறீங்களா?" என்று பேனாவையும் நீட்டினார். மேலாளர் அதைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினார். மருந்தாளர் உடனே பூட்டக்காவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னார். சிரிப்பை அடக்க முடியாமல் பாதி வார்த்தை விழுங்கினார்.

அதற்குள் பூட்டக்கா தன் வேலையைத் தொடங்கியிருந்தாள். திரையில் தெரிவது பேர் மட்டும். பளபளப்பாகத் திரை செய்தவர்களுக்குப் பேர் போதும் என்று தோன்றியிருக்கிறது. அவள் பழைய எழுத்துப் பதிவைத் திறந்தாள். அதில் ஒவ்வொரு தட்டலும் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று இருக்கும். ஸ்கேன் சர்வரின் இரண்டு முகவரிகள் அவளுக்கு மனப்பாடம். மறுக்கப்பட்ட தட்டல் எல்லாம் மூன்றாவதாக ஒரு முகவரியிலிருந்து வந்திருந்தன.

பேர் ஒன்று, ஆள் இரண்டு. அவள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

அந்த முகவரி எந்த ஸ்விட்சில், எத்தனையாவது துளையில் இருக்கிறது என்று தேடினாள். பதினேழாவது துளை. நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகும் வரை காலியாக இருந்தது. இப்போது அதில் ஒரு நீலக் கேபிள் இருந்தது. அவள் ஒட்டும் சீட்டு அதில் இல்லை. கூரைத் தட்டு வழியாக அது போன திசையில் அவளும் போனாள். நடைபாதை, மாடிப்படி, விழா மண்டபத்தின் கதவு. மேடை மேசைக்குப் பெரிய வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு சர்வர் சமர்த்தாக உறுமிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த டைக்காரர், "அது விழாவுல காட்டுறதுக்கு நான் வச்சது அக்கா" என்றார்.

"எப்படிச் செஞ்சீங்க இதை?"

"ஸ்கேன் சர்வரை அப்படியே நகல் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை. புதுசா எல்லாம் போட நேரமில்லை."

"பேரை மாத்தினீங்களா?"

டைக்காரர் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று. நகல் எடுக்கும்போது எல்லாமே நகலாகும், பேரும்தான். அவள் ஸ்கேன் சர்வருக்குப் புது ரகசியம் போட்டது புதன்கிழமை. அதனால் செவ்வாய்க்கிழமை பிறந்த இந்த நகலுக்குப் பேர் தெரியும், ரகசியம் தெரியாது. செருகின நேரத்திலிருந்து அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஸ்கேன் சர்வர் வந்திருக்கிறேன் என்று சொல்லித் தட்டுகிறது. ஸ்டோரேஜும் சளைக்காமல் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறது.

"அய்யோ, சரிபார்ப்பை எடுத்திருந்தா..." என்றார் டைக்காரர்.

"ரெண்டு பேரும் ஒரே வட்டுல எழுதியிருப்பாங்க. ஒருத்தர் எழுதுறது இன்னொருத்தருக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள்ள ஒரு படமும் தேறியிருக்காது." அவள் மேசைத் துணியைப் படக்கென்று கீழே விட்டாள். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். தப்பு நடந்ததால் பூட்டு சத்தம் போட்டிருக்கிறது. இவர்கள் சத்தம் வருகிறது என்று பூட்டைக் கழற்றப் பார்த்திருக்கிறார்கள்.

மணி பத்து ஐம்பது. டைக்காரர் குனிந்து கேபிளைப் பிடுங்கப் போனார். பிடுங்கினால் சிவப்பு போய்விடும், விழா நடக்கும், மேலாளர் மாலையில் பூசி மெழுகிவிடுவார். அடுத்த வருஷம் இன்னொரு 'தற்காலிகமா' வரும். அவளுக்கு அது அச்சடித்த மாதிரி தெரிந்தது.

"தொடாதீங்க. கதவு மூடித்தான் இருக்கு, ஆபத்தில்லை. சிவப்பு அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். பெரிய திரை விரிந்தது. பச்சை, பச்சை, பச்சை, நடுவில் கொழுத்த ஒரு சிவப்பு. டாக்டரம்மாவின் கண் நேரே அங்கேதான் போனது. நாற்பது வருஷம் ஸ்கேன் படங்களில் தப்பைத் தேடிய கண். "அது என்ன?"

"ஒண்ணுமில்லை டாக்டரம்மா, சின்ன சோதனை..." என்று மேலாளர் மென்று முழுங்கினார்.

பூட்டக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றாள். "சோதனை இல்லை டாக்டரம்மா. அந்தச் சிவப்புதான் இங்க இருக்கிறதுலயே சரியா வேலை செய்யுது."

மண்டபத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. அவள் முன்னால் நடந்துபோய், மேசைத் துணியைத் தூக்கி சர்வரைக் காட்டினாள். கேபிளைப் பிடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் கட்டம் பச்சையானது. திரும்பச் செருகினாள், மறுபடி சிவப்பு. "இது ஸ்கேன் சர்வரோட நகல். அதே பேரைச் சொல்லித் தட்டுது, ரகசியம் இல்லை, அதனால உள்ள விடலை. இந்தச் சிவப்பு கண்ணை உறுத்துதுன்னு காலையில பூட்டையே எடுக்கச் சொன்னாங்க. எடுத்திருந்தா இன்னிக்கு வந்த நோயாளிங்க படம் எல்லாம் போயிருக்கும்."

"யார் எடுக்கச் சொன்னது?"

அவள் மேலாளரைப் பார்க்கவில்லை. "எழுத்துல கேட்டேன் டாக்டரம்மா, தரலை. அதனால எடுக்கலை." மேலாளரைப் பார்க்கும் வேலையை மண்டபத்தில் இருந்த மற்றவர்கள் செய்தார்கள்.

மத்தியானத்துக்குள் நடந்ததை அறிக்கையாக எழுதச் சொன்னார் டாக்டரம்மா. இரண்டு மணிக்கு அதை வாங்கிப் படித்த மேலாளர் முதல் பக்கத்தைத் தாண்டும்போதே வியர்த்துவிட்டார். டைக்காரரின் நகலும் நீலக் கேபிளும் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய மத்தியானம் இருந்தது. வாயால் வந்த உத்தரவு, தட்டச்சு செய்து வந்த கடிதம், எல்லாம் தேதியோடு.

"இது எதுக்கு இப்ப? அது முடிஞ்சுபோன கதை. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா சார். அது பயந்து போட்டது. இது பயப்படாம போட்டது. ரெண்டுமே என் கையெழுத்துதான். எதை நம்பணும்னு படிக்கிறவங்க பார்த்துக்கட்டும்."

"அப்படின்னா கிடங்குதான்."

"தாராளமா. அதையும் எழுத்துல குடுங்க" என்று அறிக்கையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே நடந்துபோய் டாக்டரம்மாவின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை தன் நாற்காலி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அந்த இரண்டு பக்கம் இருக்கும்.

பிறகு தன் மேசைக்கு வந்து, பார்க்காமலே தெரிந்த ஒரு எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் இழைப்புளி ஓடும் சத்தம் நின்றது.

"யாரு?" என்றார் தச்சர்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்துங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தொந்தரவு பண்ணுவேனே."

"மறுபடியுமா? நான்தான் சொல்லிட்டேனேம்மா."

"ஸ்கேனுக்குக் கூப்பிடலைங்க. ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு மிஷின் பழுதுன்னு சொன்னேன் பாருங்க, அது பொய். மிஷினுக்கு ஒண்ணும் இல்லை. யாரையும் உள்ளே விடாம நான் வச்சிருந்த கதவை, மேலே இருக்கவங்க சொன்னாங்கன்னு நானே திறந்து விட்டேன். உங்க படம் அப்படித்தான் போச்சு. அதை மறைச்சு எழுதின கடிதத்துல கையெழுத்தும் போட்டேன். இன்னிக்குத்தான் உண்மையை எழுதிக் குடுத்தேன். உங்ககிட்டயும் சொல்லணும்னு தோணிச்சு."

இழைப்புளியை டக்கென்று கீழே வைக்கும் சத்தம் வந்தது.

"இதைச் சொல்ல மூணு வருஷமாம்மா?"

"ஆமாங்க."

"இப்பவும் சொன்னா திறந்து விடுவியா?"

"இன்னிக்குக் காலையில சொன்னாங்க. திறக்கலைங்க."

ஏதோ மரத்தை எடுத்து ஓரமாக வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றார் தச்சர். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"